பொட்டலைப் பொதுவிடமாக்குவது எப்படி: டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் மக்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் என்ற புறநகரில் என் கட்டடக்கலை மாணவர்கள் கட்டிய முதல் பொதுவிடத்தில் ஆறு பெஞ்சுகள் இருந்தன. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே திசையைப் பார்த்தபடி. வரைபடத்தில் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. திறந்த மறுநாள் மாலை நான்கு மணிக்கு அங்கிள் ஒருவர் கார் டிக்கியிலிருந்து ஒரு பிளைவுட் பலகையையும் நான்கு பால் கிரேட்டுகளையும் இறக்கினார். எங்கள் பெஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி, மரத்தடியில் அவற்றைப் பரப்பினார். இன்னும் மூன்று பேர் வந்து சேர, துனி ஆட்டம் தொடங்கியது.

துனி நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம். கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களின் ‘தண்ணி’தான் துனி ஆனது என்பார்கள் இங்கே. வரிசையாக உட்கார்ந்து அதை ஆட முடியாது. அவர்கள் பல வருஷமாக அதே மரத்தடியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். நாங்கள் இடம் பார்க்கப் போனது மூன்று முறை, மூன்றும் காலை பத்து மணிக்கு. ‘காலி இடம்’ என்று அறிக்கையில் எழுதினோம்.

அந்த அவமானத்திலிருந்து பிறந்தது இந்த வழிகாட்டி. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும் கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம் போன்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

யார் கூப்பிட்டார்கள்?

கல்லூரிக்கு ஒரு ‘சைட்’ தேவைப்படுவதும் ஊருக்கு ஓர் இடம் தேவைப்படுவதும் வேறு வேறு சங்கதி. கல்லூரிக்குத்தான் தேவை என்றால் அதை முதல் கூட்டத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: “எங்களுக்குப் பாடத்துக்கு ஓர் இடம் வேண்டும், உங்களுக்கு இது உதவுமா?” அப்படிக் கேட்டால் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். உபகாரம் செய்ய வந்த தோரணையோடு போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள்: இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், அதைப் புழங்குகிற ஏதாவது ஒரு குழு, வார்டு கவுன்சிலர். சட்டப்படி வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைவர், அவரைத் தவிர அதிகபட்சம் பத்துப் பேர் இருக்கலாம். அந்தக் கமிட்டியின் குறிப்பேட்டில் உங்கள் திட்டம் ஏறிவிட்டால், நாளை கவுன்சிலர் மாறினாலும் ஒரு சாட்சி இருக்கும். தேர்தல் நெருங்கும் மாதங்களில் திறப்பு விழா மட்டும் வேண்டாம். ரிப்பன் வெட்டியவர் தோற்றுவிட்டால் அந்த இடம் ‘அவங்க கட்சி இடம்’ ஆகிவிடும்.

பேச்சுவார்த்தையைத் தமிழர்களோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. சாட்ஸ்வொர்த்தில் டாக்சிக்குக் காத்திருப்பவர்களிலும், வீட்டு வேலைக்கு வருபவர்களிலும், பக்கத்துச் சரிவில் தகரக் குடிசை போட்டிருப்பவர்களிலும் பெரும்பாலோர் ஜூலு பேசுபவர்கள். குழுவில் ஜூலு பேசும் மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும். ‘சனிபோனானி’ என்று வணக்கம் சொல்லத் தெரிந்தால் அது நல்ல தொடக்கம், ஆனால் பேட்டி எடுக்கப் போதாது.

நிலத்தின் ஜாதகம்

வரைவதற்கு முன் நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். டர்பனை நிர்வகிக்கும் எத்தேக்வினி மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் மனை எண் கிடைக்கும். அதை வைத்து உரிமைப் பத்திரத்தைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பதிவகத்தில் சரிபார்க்கலாம். ‘கோயில் நிலம்’ என்று ஊரே சொல்வது பத்திரத்தில் மாநகராட்சிப் பூங்காவாக இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியதாகவும் இருக்கலாம். அடியில் சாக்கடைக் குழாய் ஓடினால் அதன்மேல் எதையும் நிரந்தரமாகக் கட்ட விடமாட்டார்கள். அங்கே புல்லும் பெயர்த்து எடுக்கக்கூடிய பொருளும்தான் சரி.

சாட்ஸ்வொர்த்தின் வரலாறு தெரியாமல் இந்த நிலங்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளுக்குப் பிறகு, நம் மக்கள் டர்பனின் கேட்டோ மேனரிலும் மேகசின் பாரக்ஸிலும் இன்னும் பல இடங்களிலும் தாங்களாகவே கோயிலும் பள்ளியும் எழுப்பிக்கொண்டார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் வருஷக் குழுப் பகுதிச் சட்டம் அவர்களைப் பெயர்த்தது. 1960களில் சாட்ஸ்வொர்த் எழுந்தது, யூனிட் யூனிட்டாக, எண் போட்டு. வீடுகளுக்கு நடுவே மிஞ்சிய சரிவுகளும் ஓரங்களும்தான் இன்று நாம் ‘பயன்படாத இடம்’ என்று பெயர் வைப்பவை. அவற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரியவர் திடீரென்று கேட்டோ மேனர் வீட்டுக் கொய்யா மரத்துக்குப் போய்விடுவார். குறுக்கிடாதீர்கள். அந்த மரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள், எந்த நேரத்தில், தரையிலா திண்ணையிலா என்று கேளுங்கள். அதுவே உங்களுக்கான வடிவமைப்புக் குறிப்பு.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1999ஆம் வருஷப் பாரம்பரியச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, 60 வயது கடந்த எந்தக் கட்டுமானத்தையும் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. சாட்ஸ்வொர்த்தின் ஆரம்பகாலக் கட்டடங்கள் இப்போதுதான் அந்த வயதைத் தாண்டுகின்றன. அழகில்லாத ஒரு பழைய கான்கிரீட் மண்டபத்தைப் பெயர்க்கும் முன் அதன் வயதை விசாரியுங்கள். இந்த மாகாணத்தில் அனுமதி கேட்க வேண்டிய இடம் அமாஃபா என்ற பாரம்பரிய அமைப்பு.

பார்ப்பது

எல்லாக் கட்டங்களிலும் அதிக நேரம் எடுக்க வேண்டியது இதுதான். எல்லாரும் குறைவாகச் செய்வதும் இதைத்தான்.

குறைந்தது ஒரு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை, இரண்டிரண்டு பேராக முறை வைத்து உட்காருங்கள். இருட்டிய பிறகு ஊர்க்காரர் ஒருவராவது கூட இருக்கட்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வரைபட நகலில் புள்ளி வையுங்கள்: உட்கார்ந்திருப்பவருக்கு வட்டம், நிற்பவருக்குக் கோடு, கடந்து போகிறவருக்கு அம்பு. பெண்ணா ஆணா, குழந்தையா பெரியவரா என்பதை நிறத்தால் காட்டலாம். பெயர் எழுத வேண்டாம். பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கினால் 2013ஆம் வருஷத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும். பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பேட்டிகளை ஆய்வேட்டில் சேர்ப்பதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதல் வாரமே கேட்டு வையுங்கள். அது மெதுவாகத்தான் வரும்.

ஆட்களைப் போலவே அவர்கள் விட்டுப்போன தடங்களையும் பாருங்கள். புல் தேய்ந்த ஒற்றையடிப் பாதை, சிகரெட் துண்டுகள் குவிந்த மூலை, மரத்தில் அடித்த ஆணி, கருகிய மூன்று கற்கள். அந்த மூன்று கற்களை என் மாணவி ஒருத்தி குப்பை என்று நினைத்து ஒதுக்கி வைத்தாள். ஆடி மாதக் கூழ் காய்ச்சும் அடுப்பு அது. இங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்று சொல்கிறார்களே, அதற்கு. மறுநாள் கற்கள் பழைய இடத்திலேயே இருந்தன. யார் திருப்பி வைத்தார்கள் என்று விசாரித்துப் போனதில்தான் அந்த இடத்தை உண்மையில் நடத்துகிற ஆயாவைக் கண்டுபிடித்தோம். எந்தக் கமிட்டியிலும் அவர் பெயர் கிடையாது.

வெயிலையும் கணக்கெடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு இது பழக எத்தனையோ நாள் பிடிக்கும்: இங்கே சூரியன் நடுப்பகலில் வடக்கே இருக்கும். டர்பன் ஏறக்குறைய 30 பாகை தெற்கில் இருப்பதால் ஜூன் நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகைதான் ஏறும். மூன்று மீட்டர் கம்பத்தின் நிழல் தெற்கே நான்கு மீட்டர் நீளும். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். குளிர்காலத்தில் பெரியவர்கள் வெயிலைத் தேடுவார்கள், கோடையில் நிழலை. ஒரே கூரை இரண்டையும் கொடுக்க வேண்டுமானால், உட்காரும் இடத்தின் வடக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். மேற்கு வெயிலை மரமோ தட்டியோ தடுக்க வேண்டும்.

அடுத்து மழை. “2022 ஏப்ரலில் தண்ணி எந்தப் பக்கமா ஓடிச்சு?” என்று கேளுங்கள். டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளம் அது, யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கைகாட்டும் பாதையில் மேடையோ சுவரோ எழுப்பாதீர்கள். உயர வரைபடத்தைவிட அந்தக் கைகாட்டல் நம்பகமானது என்பது என் அனுபவம்.

வாரிக்கில் ஒரு விடியற்காலை

வரையத் தொடங்கும் முன் மாணவர்களை நகர மையத்திலுள்ள வாரிக் சந்திப்புக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். கட்டி முடிக்காமல் கைவிட்ட மேம்பாலத் துண்டுகளை 1990களின் பிற்பகுதியில் நடைபாலத்தால் இணைத்து, நடைபாதையில் கிடந்த மூலிகை வியாபாரிகளுக்குச் சந்தையாக்கினார்கள். மாநகராட்சியின் திட்ட அலுவலகம் சந்தைப் பகுதிக்குள்ளேயே இருந்தது. வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசுவது அங்கே அன்றாட வேலை. அந்தத் திட்டத்தில் வேலை செய்த கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் டாப்சன் 2008இல் பேட்ரிக் என்ட்லோவுவோடு சேர்ந்து தொடங்கிய ஆசியே எத்தஃபுலேனி என்ற அமைப்பு, தெருவோர வியாபாரிகளோடு சேர்ந்து இடங்களை வடிவமைக்கிறது. பெயருக்கு ஜூலுவில் ‘மேசைக்குக் கொண்டு வாருங்கள்’ என்று பொருள்.

பக்கத்திலேயே விடியற்காலைச் சந்தை. நம் தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கீரையும் பச்சைமிளகாயும் விற்கிறார்கள். 2009இல் அதை இடித்து மால் கட்டத் திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள், சந்தை நின்றது. ‘புத்துயிர்’ என்ற பெயரில் வருகிற வரைபடம் யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்க்கும் பழக்கம் மாணவர்களுக்கு அங்கேதான் வரும், வகுப்பறையில் வராது.

தரையில் வரையுங்கள்

கூட்டத்தில் திரை போட்டு முப்பரிமாணப் படம் காட்டினால் எல்லாரும் “நைஸ், நைஸ்” என்பார்கள். அதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நாங்கள் இப்போது செய்வது: சுண்ணாம்புப் பொடியால் உண்மை அளவிலேயே தரையில் வரைவது. நம் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கோலம் என்றால் போதும். மேடை இவ்வளவு, பாதை இவ்வளவு, இங்கே குழாய். கம்பம் வரும் இடத்தில் ஒரு மாணவன் நிற்பான். பிறகு வாளியையும் துடைப்பத்தையும் ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் ஓரமாகப் போய்விடுவோம்.

ஒரு முறை அந்த ஆயா எங்கள் மேடையின் ஒரு மூலையைக் காலால் அழித்தார். “கண்ணு, இங்க அடுப்பு வெச்சா புகை யாரு மூஞ்சில போகும்?” டர்பனில் பலமான காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தோம். வரைபடத்தில் பொருத்த மறந்திருந்தோம். அடுப்பு நான்கு மீட்டர் நகர்ந்தது.

துனி மேசையும் அப்படித்தான் பிறந்தது. பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து அங்கிள்களை ஆடவிட்டு அளந்தோம். முக்கால் மீட்டருக்கு முக்கால் மீட்டர் மேசை. சுற்றிலும் வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்க ஒரு மீட்டர், ஏனென்றால் ஆடுபவர் நான்கு, ஆலோசனை சொல்பவர் எட்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்காக ஒரு பக்கம் நிலையான இருக்கை வைக்கவில்லை, அங்கே கிரேட்டுதான். சாய்தளத்துக்குத் தென்னாப்பிரிக்கத் தரவிதி 1:12க்கு மேல் செங்குத்தாகக் கூடாது என்கிறது. அரை மீட்டர் உயரம் ஏற ஆறு மீட்டர் நீளம். சாட்ஸ்வொர்த் சரிவுகளில் இது நிறைய இடத்தை விழுங்கும், ஆகவே முதலில் சாய்தளத்தை வரைந்துவிட்டு மற்றதை மிச்ச இடத்தில் பொருத்துங்கள்.

சுண்ணாம்புக் கோடு ஒத்துவந்தால் ஒரு ஞாயிறு முழுக்க அதை நடத்திப் பாருங்கள். வாடகைப் பந்தல், இரவல் நாற்காலி, டிரம்மில் தண்ணீர். அன்று மாலை எந்த நாற்காலி எங்கே நகர்ந்து கிடக்கிறதோ அதைப் படம் பிடியுங்கள்.

காகித வேலை

சுருக்கமாக. மாணவர்கள் மாநகராட்சியில் வரைபடம் சமர்ப்பிக்க முடியாது, பதிவு பெற்ற கட்டடக்கலை வல்லுநர் ஒருவரின் பெயரில் போக வேண்டும். 1977ஆம் வருஷக் கட்டட விதிச் சட்டத்தில் ‘சிறு கட்டட வேலை’ என்று ஒரு வகை இருக்கிறது. கொடிப்பந்தல் போன்ற பெர்கோலாவும், 1.8 மீட்டருக்கு மிகாத தனிச்சுவரும் அதில் அடங்கும். முழு வரைபடம் இல்லாமலே கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு முடித்துவிடலாம். அனுமதியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்கொடை வாங்குவது ஊர்ச் சங்கத்தின் பெயரில் நடக்கட்டும், கல்லூரிப் பெயரில் வேண்டாம். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க வைக்கும் வருமான வரித்துறையின் 18ஏ ஒப்புதல் பெற்ற அமைப்பு கூட இருந்தால் கடைக்காரர்கள் பொருளாகவும் தருவார்கள். ஒரு ஹார்டுவேர் கடையில் சிமெண்ட் கேட்டுப் போனபோது, முதலாளி முதலில் கேட்ட கேள்வியே அந்தச் சான்றிதழைப் பற்றித்தான்.

இரண்டு பஞ்சாங்கம்

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆகவே பிப்ரவரியிலிருந்து மே வரை பார்ப்பதும் பேசுவதும், ஜூன் ஜூலையின் வறண்ட நாட்களில் கட்டுவது, ஆகஸ்டில் ஒப்படைப்பது. செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டால் தேர்வு வந்துவிடும், பிறகு மழை, பிறகு பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். பாதி நட்ட கம்பங்கள் ஊருக்கு மிஞ்சும்.

இதன்மேல் ஊரின் பஞ்சாங்கத்தை வையுங்கள். தைப்பூசக் காவடி, புனித வெள்ளியையொட்டி இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ், புரட்டாசி விரதம், தீபாவளி. புரட்டாசியில் வேலை செய்ய வந்தவர்களுக்குக் கறி பன்னிசௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கி வைத்து முழித்தோம் ஒரு தடவை. அன்றிலிருந்து எல்லாருக்கும் பீன்ஸ் பன்னிதான். ஆடிக் கூழும் எங்கள் கட்டும் காலமும் ஒன்றாக வரும். அதைத் தடையாக நினைக்காமல், அடுப்பு மேடையை முதலில் முடித்து அந்தக் கூழுக்கே பயன்படுத்தவிட்டோம். மிச்ச வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

என்ன வைத்துக் கட்டுவது

இரும்பும் அலுமினியமும் வேண்டாம். ஸ்கிராப்புக்குப் போய்விடும், போகாவிட்டால் கடல் காற்று தின்னும். பதப்படுத்திய யூகலிப்டஸ் கம்பம், கான்கிரீட், செங்கல் போதும். மண்ணில் புதைக்கும் கம்பத்தில் எச்4 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், எச்3 தரைக்கு மேலே மட்டும். போல்ட்டுகள் நன்றாகத் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும்.

இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும்: பதப்படுத்திய கம்பத்தின் வெட்டுத்துண்டுகளை எரிக்காதீர்கள். பச்சை சாயல் அடிக்கும் அந்தக் கம்பங்களில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்கிறது. கூழ் காய்ச்சுகிற இடம், பிராய் என்று கறி சுடுகிற இடம் என்றால் துண்டு விறகு கண்ணில் பட்டதும் யாராவது அடுப்பில் வைத்துவிடுவார்கள். அன்றன்று எண்ணி, மூட்டை கட்டி, பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குப் போவோம்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயா வேப்பமரம் என்று சொன்னது சிரிங்கா, அதாவது மலைவேம்பு. அம்மன் காரியங்களுக்கு இங்கே அதன் இலைதான். தென்னாப்பிரிக்காவின் அயல் தாவரப் பட்டியலில் அது இருக்கிறது: நகரத்துக்குள் இருக்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடக்கூடாது. என் மாணவர்கள் சட்டத்தைப் படித்துவிட்டு வெட்டப் புறப்பட்டார்கள். இருப்பதை விட்டுவிட்டு, அதன் காலத்துக்குப் பிறகு நிழல் தர நேட்டால் மஹோகனி என்கிற உம்குஹ்லுவைப் பக்கத்தில் நட்டோம். இந்த மண்ணின் மரம் அது, வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததும்கூட. ஆயாவிடம் அந்த உறவுமுறையைச் சொன்னதும் “அப்ப சரி” என்றார். இன்னொரு மூலையில் உம்சின்சி, நம் கல்யாண முருங்கையின் பங்காளி. சிவப்பாகப் பூக்கும்.

சாவி

குழாய் வைத்தால் பூட்டு வேண்டும், இல்லாவிட்டால் கார் கழுவும் நிலையமாகிவிடும். பூட்டு வைத்தால் சாவி யாரிடம்? இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாகக் கிடைக்கும்வரை சிமெண்ட் வாங்காதீர்கள். ‘கமிட்டி’ என்பது பதில் ஆகாது. எங்கள் முதல் முயற்சியில் சாவி ஓர் அலுவலகத்தில் இருந்தது, அலுவலகம் வார இறுதியில் மூடியிருந்தது, இடம் புழங்கியதோ வார இறுதியில்தான். நட்ட ஆறு கன்றுகளில் ஐந்து காய்ந்தன.

இப்போது மூன்று சாவிகள்: ஆயாவிடம் ஒன்று, துனி அங்கிள்களிடம் ஒன்று, டாக்சி நிறுத்தத்தில் வரிசையை ஒழுங்கு பார்க்கும் ஜூலு அண்ணனிடம் ஒன்று. தண்ணீர்க் கட்டணம் யார் பெயரில், புல் வெட்டுவது யார், உடைந்த பலகைக்கு மாற்று எந்தக் கடையில் என்ன அளவு என்பதை ஒரே தாளில் எழுதி, தமிழிலும் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும், மூவரிடமும் கொடுங்கள். மாதாமாதம் சிறு தொகை சேர்க்கச் சீட்டு மாதிரி ஒன்று நடத்தலாம். இங்கே ஸ்டோக்வெல் என்றால் எல்லாருக்கும் புரியும்.

ஒப்படைத்த ஆறு மாதம் கழித்து, முதல் பெருமழைக்குப் பிறகு, மாணவர்களோடு திரும்பப் போங்கள். காலை பத்து மணிக்கு இல்லை, மாலை நான்குக்கு. நான் கடைசியாகப் போனபோது அந்த ஆறு பெஞ்சுகளில் இரண்டை யாரோ ஸ்பானர் போட்டுக் கழற்றி, எதிரெதிரே திருப்பி மாட்டியிருந்தார்கள். நடுவில் அதே பிளைவுட் பலகை. ஆட்டம் முடியட்டும் என்று காத்து நின்றேன். அங்கிள் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே மிஞ்சிய நான்கு போல்ட்டுகள். “இது உங்களோடது, சார்.”